பள்ளிகொண்டாவிலிருந்து நடந்து போகும் வழிகள்

பள்ளிகொண்டாவில் பேருந்துக்காக நிற்பவர்களுக்குத் திசைகள் மூன்றுதான். கிழக்கே வேலூர், மேற்கே ஆம்பூர், வடக்கே பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் குடியாத்தம். வேறு எந்த ஊருக்குப் போவதானாலும் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுக்குப் போய், அங்கே வண்டி மாறி, வந்த திசையிலேயே பாதி தூரம் திரும்பி வர வேண்டியிருக்கும். ஆனால் எங்கள் ஊர்க்காரர்களின் சம்பந்திகளும் நிலங்களும் குலதெய்வங்களும் கடன் கொடுத்தவர்களும் இந்த மூன்று சாலைகளின் மேல் மட்டுமா இருக்கிறார்கள்? ஆற்றுக்கு அக்கரையிலும், ஏரிக்குப் பின்புறத்திலும், தெற்கே மலையடிவாரத்திலும் அவர்கள் பரவிக் கிடக்கிறார்கள். அந்த ஊர்களை எங்கள் ஊரோடு நேராக இணைப்பவை நடைவழிகள்தாம். அவற்றில் எவை இன்னும் நடக்கத் தக்கவையாக இருக்கின்றன, எவை அடைபட்டுப் போயின, அடைபட்டதற்குக் காரணம் என்ன என்பதைப் பல ஆண்டுகளாக நடந்து பார்த்தவன் என்ற முறையில் எழுதி வைக்க விரும்புகிறேன்.

முதலில் நில அமைப்பைச் சொல்லிவிட வேண்டும். கர்நாடகத்தின் நந்திமலைப் பக்கம் பிறந்து, ஆந்திரத்தைக் கடந்து, வாணியம்பாடிக்கு மேற்கே புல்லூர் அருகில் தமிழ்நாட்டுக்குள் நுழையும் பாலாறு, ஆம்பூர், மாதனூர், பள்ளிகொண்டா, விரிஞ்சிபுரம், வேலூர் என்று கிழக்கு நோக்கிப் போகிறது. பழைய சென்னை–பெங்களூர்ச் சாலை, அதாவது முன்பு 46 என்று எண்ணிட்டு இப்போது 48 என்று வழங்கப்படும் தேசிய நெடுஞ்சாலை, ஆற்றின் தென்கரையோடு செல்கிறது. ரயில் பாதையோ காட்பாடியிலிருந்து லத்தேரி, குடியாத்தம் வழியாக வடகரையில் ஓடுகிறது. 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. அடுத்த சில ஆண்டுகளில் அந்தப் பாதை மேற்கே நீண்டபோது எங்கள் பகுதியில் அது ஆற்றின் மறுபக்கமாகப் போய்விட்டது. இதனால் சாலை ஒரு கரையிலும் ரயில் மறு கரையிலும் நிற்க, இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் அகலத்துக்கு மணல் கிடக்கிறது. கிழக்கு மேற்காகப் போகிறவனுக்கு இந்தப் பகுதியில் எந்தக் குறையும் இல்லை. வடக்கு தெற்காகப் போக நினைப்பவனுக்குத்தான் எல்லாத் தொல்லைகளும்.

விரிஞ்சிபுரத்தையும் வடுகந்தாங்கலையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று தென்கரையில், மற்றொன்று வடகரைக்கு அப்பால் காட்பாடி–குடியாத்தம் சாலையின் மேல். ஆற்றைக் குறுக்கே கடந்தால் சாதாரண நடைக்கு ஒரு மணி நேரத்துச் சொச்சம்தான். கடக்க முடியாத நாளில் வேலூர், காட்பாடி, லத்தேரி என்று சுற்றினாலும் சரி, பள்ளிகொண்டா, குடியாத்தம் என்று சுற்றினாலும் சரி, முப்பது கிலோமீட்டருக்குக் குறையாது. ஒரு மூட்டை கேழ்வரகையோ ஒரு ஜாதகக் கட்டையோ எடுத்துக்கொண்டு போகிற மனிதர் எந்த வழியைத் தேர்ந்தெடுப்பார் என்று கேட்கவே வேண்டியதில்லை.

ஆற்றைக் கடக்கும் வழி என்றவுடன், இஷ்டப்பட்ட இடத்தில் இறங்கி இஷ்டப்பட்ட இடத்தில் ஏறலாம் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மணலிலும் பாதை உண்டு. வடகரையில் ஒரு குறிப்பிட்ட பனைமரத்தையோ கோயில் கோபுரத்தையோ குறி வைத்துக்கொண்டு நேராக நடப்பார்கள். நாலு பேர் நடந்த தடத்தில் மணல் சற்று இறுகியிருக்கும், அந்தத் தடத்தை விட்டு விலகினால் கணுக்கால் வரை புதையும். தார்ச்சாலையில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் நடக்கிறவர் மணலில் மூன்று நடந்தால் பெரிது. சித்திரை, வைகாசி மாதங்களில் காலை ஒன்பது மணிக்கு மேல் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது, செருப்போடு நடந்தாலும் பக்கவாட்டில் புகும் மணல் சுடும். இடையில் களைத்தவர்கள் ஊற்றுத் தோண்டிக் குடிப்பார்கள். கையால் ஒரு முழம் பறித்தால் முதலில் ஈரம் தட்டும், பிறகு சுற்றுமணல் மெதுவாகச் சரிந்து கலங்கல் நீர் ஊறும். அந்த முதல் நீரை இறைத்துக் கொட்டிவிட்டுக் காத்திருந்தால் தெளிந்த நீர் வரும். மேலே தண்ணீர் ஓடாத மாதங்களிலும் பாலாறு மணலுக்கு அடியில் ஓடிக்கொண்டுதான் இருந்தது என்பதை நான் பாடப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே நாக்கால் அறிந்திருந்தேன்.

இப்போது ஒரு முழத்துக்கு ஈரம் கிடைப்பதில்லை. பல ஆண்டுகள் அளவுக்கு மீறி மணல் அள்ளியதில் ஆற்றின் படுகை தாழ்ந்துவிட்டது, சில இடங்களில் களிமண் தரையே தெரிகிறது. நடப்பவனுக்கு இதனால் நேர்ந்த பெரிய கெடுதி தண்ணீர் இல்லாமற் போனது மட்டும் அல்ல, பள்ளங்கள். மணல் எடுத்த குழிகளில் மழைநீர் தேங்கி, மேலே மெல்லிய வண்டல் படிந்து, பார்வைக்குச் சமதரையாகத் தெரியும். போன ஆண்டு மழைக்குப் பிறகு நான் ஆற்றுக்குள் இறங்கியபோது ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கரையிலிருந்தே குரல் கொடுத்தார்: "ஐயா, அந்தாண்ட போவாதீங்க, பள்ளம் கீது. ஆட்டுக் கால் பட்ட எடமா பாத்து வாங்க." அதுதான் இன்று ஆற்றைக் கடக்கும் விதி. ஆடுகள் போன தடத்தில் போக வேண்டும். தடம் இல்லாத இடம் எவ்வளவு வெளிச்சமாகத் தெரிந்தாலும் கால் வைக்கக் கூடாது.

மணலுக்கு மாற்றாக வந்தவை தரைப்பாலங்கள். ஆற்றின் குறுக்கே குழாய்களை வரிசையாகப் பதித்து மேலே கான்கிரீட் போட்டுவிடுவது. வெள்ளம் வந்தால் அது பாலத்தின் மேலே ஏறி ஓடிவிடும் என்பது கணக்கு. ஆண்டுக்குப் பத்து மாதம் வறண்டிருக்கும் ஆற்றுக்கு இது போதும் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள், செலவை நினைத்தால் அந்த முடிவைத் தவறென்றும் சொல்லிவிட முடியாது. ஆனால் 2021 நவம்பரில் வந்த வெள்ளம் அந்தக் கணக்கையே அடித்துக்கொண்டு போயிற்று. விரிஞ்சிபுரத்தில் ஆற்றின் குறுக்கே இருந்த தரைப்பாலமும், மாதனூருக்கும் உள்ளிக்கும் இடையே இருந்த தரைப்பாலமும் உடைந்தன. பல ஆண்டுகளாகப் பாலாற்றில் இப்படி இரு கரை தொட்டுத் தண்ணீர் பார்த்திராத பிள்ளைகள் கைப்பேசியோடு கரையில் குவிந்தார்கள். அக்கரையில் வேலை செய்பவர்களும் அக்கரைப் பள்ளியில் படிப்பவர்களும் முப்பது கிலோமீட்டர் சுற்றினார்கள். தண்ணீர் வடிந்த பிறகு உடைந்த பாலத்தின் ஓரமாக முதலில் உருவானது ஒற்றையடிப் பாதைதான். இருசக்கர வண்டிகள் அதைப் பின்பற்றின, டிராக்டர் அவற்றைப் பின்பற்றியது. பாதை என்பது எப்படிப் பிறக்கிறது என்பதை இந்தக் காலத்திலும் கண்ணால் பார்க்க முடிந்ததில் எனக்கு ஒரு திருப்தி உண்டு, அதைப் பேருந்துக்குக் காத்திருந்தவர்களிடம் சொல்லியிருந்தால் அடித்திருப்பார்கள்.

வழிகள் உயிரோடு இருப்பதற்குச் சந்தைகள் பெரிய காரணம். கே.வி.குப்பத்தில் திங்கட்கிழமை ஆட்டுச் சந்தை, பொய்கையில் செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தை, ஒடுகத்தூரில் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை. முதலாவது வடகரைக்கு அப்பால், இரண்டாவது தென்கரையில் நெடுஞ்சாலையை ஒட்டி, மூன்றாவது தெற்கே சவ்வாது மலையின் அடிவாரத்தில். இந்த மூன்றையும் ஒரு தாளில் குறித்துக் கோடு போட்டுப் பாருங்கள். கோடுகள் எல்லாம் ஆற்றையும் நெடுஞ்சாலையையும் குறுக்கே வெட்டும். வியாபாரிகள் இப்போது மினி லாரியில்தான் வருகிறார்கள். இருந்தாலும் ஒன்றிரண்டு உருப்படிகளை மட்டும் விற்க வரும் குடியானவர்களில் சிலர் இன்னும் ஓட்டிக்கொண்டே வருகிறார்கள், ஏனென்றால் ஒரு கன்றுக்குட்டிக்கு வண்டி வாடகை கொடுத்தால் விலையில் கணிசமான பகுதி அதிலேயே போய்விடும். பொய்கைச் சந்தை கூடும் நாளில் விடிவதற்கு முன்பே ஆற்றுக்குள் மாட்டு மணியோசை கேட்கும். மாட்டை ஓட்டுகிறவர் அதன் குளம்பு சேதமாகாத வழியாகப் பார்த்து ஓட்டுவார்; ஆகவே மாடு போன வழி மனிதனுக்கும் நல்ல வழி. சந்தை ஓய்ந்த பிறகு தடம் எங்கே இருக்கிறது என்று தேடிப் போகிறவர்களுக்கு இதைவிட எளிய அடையாளம் கிடையாது, சாணம் காய்ந்து கிடக்கும்.

சந்தைக்கு அடுத்தபடி கல்யாணம். என் தாயார் அக்கரைப் பெண். எங்கள் தெருவில் அவருடைய வயதை ஒத்த பெண்களில் பாதிப் பேர் ஒரு நாளில் நடந்து போய்த் திரும்பக்கூடிய தொலைவிலிருந்து வாழ வந்தவர்கள். பெண் கொடுக்கும்போது குலம், கோத்திரம், நிலம் எல்லாம் பார்த்தார்கள் என்பது உண்மைதான், ஆனால் அவசரத்துக்குத் தாய் வீட்டுக்கு ஓடிப் போக முடியுமா என்பதையும் பார்த்தார்கள் என்று என் தாயார் சொல்வார். ஆடிச் சீருக்கும் பொங்கல் சீருக்கும் தாய்மாமன் தலையில் கூடையோடு மணலைக் கடந்து வருவதை மாடியிலிருந்து முதலில் பார்ப்பவருக்கு ஒரு கை நிறைய அதிரசம் கிடைக்கும். இன்று சம்பந்தம் செய்கிறவர்கள் பெங்களூர், ஓசூர் என்று பேருந்துக் கோட்டின் மேலேயே பார்க்கிறார்கள். அக்கரைக்குப் பெண் கொடுப்பது குறைந்தது, அக்கரைக்குப் போகும் ஆளும் குறைந்தது. எது முதலில் குறைந்தது என்பதை நான் இன்னும் தீர்மானிக்கவில்லை.

கல்யாணத்தைப் பற்றிப் பேசும்போது விரிஞ்சிபுரம் கோயிலில் உள்ள ஒரு கல்வெட்டை விட்டுவிட மனமில்லை. விஜயநகர அரசர் இரண்டாம் தேவராயர் காலத்தில், 1425ஆம் ஆண்டு அளவில், படைவீட்டு ராஜ்ஜியத்தில் வாழ்ந்த கன்னட, தமிழ், தெலுங்கு, லாட (குஜராத் பக்கத்து) அந்தணர்கள் கூடி, இனிப் பெண்ணுக்கு விலையாகப் பொன் வாங்காமலும் கொடுக்காமலும் கன்னிகாதானமாகவே திருமணம் செய்வது என்று ஒப்பந்தம் செய்து கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள். படைவீடு இங்கிருந்து தெற்கே, மலைக்கு அப்பால் சந்தவாசல் பக்கம் இருக்கிறது. அந்த ராஜ்ஜியத்தின் நாலு மொழிக்காரர்களைக் கட்டுப்படுத்தும் முடிவைப் பொறிக்க இந்த ஊர்க் கோயில் சுவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்றால், நாலாபக்கத்து மக்களும் வந்து பார்க்கும் இடமாக இது அன்று இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

அந்தக் கோயிலின் இறைவனுக்கே மார்க்கபந்தீஸ்வரர் என்று பெயர். தமிழில் வழித்துணைநாதர். மைசூர்ப் பக்கத்திலிருந்து மிளகு மூட்டைகளோடு காஞ்சிபுரத்துக்குப் போன ஒரு வணிகன் திருடர்களுக்குப் பயந்து வேண்டிக்கொள்ள, சிவபெருமானே வீரன் வடிவில் துணைக்கு நடந்து வந்தார் என்பது தலவரலாறு. மேட்டுநிலத்திலிருந்து சமவெளிக்கு இறங்கும் சரக்கு பாலாற்றை ஒட்டியே போயிற்று என்பதற்கு இந்தக் கதையைவிட நல்ல சான்று தேட வேண்டாம். அப்பய்ய தீட்சிதர் இந்த இறைவன் மீது பாடிய மார்க்கபந்து ஸ்தோத்திரத்தைப் பயணம் புறப்படுவதற்கு முன் சொல்லும் வழக்கம் இன்றும் பல வீடுகளில் இருக்கிறது. என் அனுபவத்தில் கந்தனேரிப் பக்கம் நாய்கள் துரத்தும் இடத்தில் ஸ்தோத்திரத்தோடு ஒரு கழியும் கையில் இருப்பது நல்லது.

பள்ளிகொண்டாவிலிருந்து விரிஞ்சிபுரத்துக்குப் போகும் நடைவழி இந்தப் பகுதியிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. உத்திர ரங்கநாதர் கோயிலிலிருந்து தொடங்குவது என் வழக்கம். பிரமன் செய்த வேள்வியை அழிக்கச் சரசுவதி ஆறாகப் பெருகி வந்தபோது திருமால் குறுக்கே படுத்துத் தடுத்தார் என்றும், அப்படித் தடுத்த இடங்களில் முதலாவது இதுவே என்றும், அடுத்தவை திருப்பாற்கடலும் காஞ்சியும் என்றும் சொல்வார்கள். கோயிலிலிருந்து ஆற்றங்கரைக்கு வந்து, கரையோரமாகத் தோப்புகளையும் வாழைத் தோட்டங்களையும் ஒட்டிக் கிழக்கே நடந்தால், இடையில் ஊற்றுக்கால்வாய்களின் கரை வரும். ஆற்று மணலுக்குள்ளேயே வாய்க்கால் பறித்து, ஊறும் நீரைச் சாய்வாக ஏரிகளுக்கும் வயல்களுக்கும் கொண்டு போன இந்த ஊற்றுக்கால்கள் பாலாற்றுப் படுகைக்கே உரிய பாசன முறை. ஆற்றில் மணல் தாழ்ந்ததும் வாய்க்காலின் வாய் மேட்டில் நின்றுபோய், பலவற்றில் நீர் வருவதில்லை. ஆனால் வாய்க்காலின் கரைகள் அப்படியே இருக்கின்றன. நடப்பவனுக்கு அவைதாம் சாலை: மேடும் பள்ளமும் இல்லாமல், வரப்புகளைத் தாண்டும் வேலை இல்லாமல், சீரான சாய்வில் ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குக் கொண்டு போய் விடும். தண்ணீர் போவதற்காக மட்டம் பார்த்து வெட்டிய கரை அல்லவா.

இந்த வழியில் ஒரு சுமைதாங்கிக் கல் இருக்கிறது. இரண்டு கல்தூண்கள், மேலே குறுக்கே ஒரு பலகைக் கல். உயரம் சுமாரான ஒரு மனிதரின் தோள் மட்டம். தலைச்சுமையோடு வருகிறவர் குனியாமலும் பிறரைத் தூக்கிவிடச் சொல்லாமலும் சுமையை அந்தப் பலகையின் மேல் நகர்த்திவிட்டு இளைப்பாறலாம், மீண்டும் தலையை அடியில் கொடுத்து ஏற்றிக்கொள்ளலாம். கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்ணின் நினைவாக இப்படிக் கல் நடுவது நம் பக்கத்து வழக்கம். இறக்கி வைக்க முடியாத சுமையோடு போனவளுக்காகப் பிறருடைய சுமையை இறக்கி வைக்க ஓர் இடம். இந்தக் கல்லின் பலகையில் ஏதோ எழுத்து இருந்த தடம் தெரிகிறது, படிக்க முடியவில்லை. நடுவில் மட்டும் தேய்ந்து ஒரு விரற்கடை அளவு குழிந்திருக்கிறது. விறகுக் கட்டும் நெல் மூட்டையும் தயிர்க் கூடையும் உரசி உரசித் தேய்ந்த குழிவு அது. கடந்த சில ஆண்டுகளில் கல்லைச் சுற்றிச் சீமைக்கருவேலம் அடர்ந்து, ஒரு பக்கத்திலிருந்து மட்டும்தான் அணுக முடிகிறது. நூறு நாள் வேலையில் ஏரிக் கால்வாயைத் தூர்வாரிய பெண்கள் ஒருமுறை அந்தப் புதரையும் வெட்டிவிட்டார்கள். யாரும் சொல்லாமலே செய்தார்கள். கார்த்திகை மாதத்துக் கடைசி ஞாயிறன்று விரிஞ்சிபுரம் சிம்ம தீர்த்தத்தில் நீராடப் பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் திரளாக வருவார்கள். அந்த நாளை ஒட்டி மட்டும் இந்த வழியில் இரவில்கூட ஆள் நடமாட்டம் இருக்கும்.

மேற்கே வெட்டுவானத்துக்குப் போகும் வழியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. ஆடி வெள்ளிக்கிழமைகளில் எல்லையம்மன் கோயிலுக்குப் போகும் கூட்டம் நெடுஞ்சாலையின் ஓரத்திலேயே நடக்கிறது, எனக்கு அந்த நடையில் சுவை இல்லை, ஆபத்தும் அதிகம்.

நெடுஞ்சாலையைப் பற்றியே தனியாகச் சொல்ல வேண்டும். புளியமரங்கள் இரு பக்கமும் நின்ற பழைய சாலை நடப்பவர்களுக்கும் உரியதாக இருந்தது. நிழல் இருந்தது, மைல்கல் இருந்தது, புளி ஏலம் எடுத்தவர்களின் ஆட்கள் உலுக்கும் பருவத்தில் சிறுவர்களுக்குப் புளியம்பழம் இருந்தது. அகலப்படுத்தியபோது மரங்கள் போயின. அதைவிடப் பெரிய மாற்றம், சாலை ஒரு சுவராக மாறியது. தெற்கே இருக்கும் நிலத்துக்கும் வடக்கே இருக்கும் வீட்டுக்கும் இடையே நேராகக் கடந்த வண்டிப்பாதைகள் எல்லாம் நடுத்தடுப்பில் முட்டி நின்றன. சுரங்கப்பாதை இருக்கும் இடம் வரை போய்த் திரும்ப வேண்டும் என்பது விதி. தலையில் புல்கட்டோடு இருக்கும் ஒரு பெண் அதற்காக இரண்டு கிலோமீட்டர் கூடுதலாக நடப்பாள் என்று திட்டம் போட்டவர் எதிர்பார்த்திருக்கிறார். அவள் தடுப்பைத் தாண்டுகிறாள். விபத்து நடந்தால் "சாலையைக் கவனக்குறைவாகக் கடந்த" என்று செய்தி வருகிறது. நூறு ஆண்டுகளாக அவளுடைய குடும்பம் கடந்த இடத்தில்தான் அவள் கடந்தாள், சாலைதான் புதிதாக வந்தது என்று யாரும் எழுதுவதில்லை. ஆற்றைப் போல அது ஒரு பருவத்தில் வறண்டு வழி விடுவதும் இல்லை.

இவையெல்லாம் வழக்கத்தில் மட்டும் இருந்த வழிகள் என்று நினைத்துவிடக் கூடாது. நில அளவைத் துறையின் கிராம வரைபடத்தில் பல பதிவாகியுள்ளன. பழைய வரைபடங்கள் மைலுக்கு 16 அங்குலம் என்ற அளவில் வரையப்பட்டவை. ஒவ்வொரு புல எண்ணுக்கும் அளந்து வரைந்த புலப்படங்களில் வண்டிப்பாதையை இரட்டை விட்டுக்கோடாகவும் ஒற்றையடிப் பாதையை ஒற்றை விட்டுக்கோடாகவும் காட்டுவார்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும், ஊர் நிலங்களைப் புல எண் வாரியாகக் காட்டும் 'அ' பதிவேட்டில் வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று தனிப் புல எண்ணோடு இருந்தால் அந்த வழிக்கு ஆயுள் கெட்டி. யார் வேலி போட்டாலும் மனு கொடுத்து எடுக்கச் சொல்லலாம். ஆனால் பட்டா நிலத்தின் ஊடே வெறும் கோடாக மட்டும் போகும் ஒற்றையடிப் பாதைகளுக்கு அந்தப் பாதுகாப்பு குறைவு, நிலம் மனைப்பிரிவாகும் நாளில் அவை சத்தமில்லாமல் மறைந்துவிடும். புலப்படங்களை இப்போது அரசின் இணையதளத்திலேயே புல எண் கொடுத்துப் பார்க்கலாம். என் யோசனை, நடக்க ஆசைப்படுகிறவர்கள் கைப்பேசி வரைபடத்தை மூடி வைத்துவிட்டு இதைத் திறந்து பார்க்க வேண்டும். கைப்பேசி வரைபடம் கார் போகும் வழியைத்தான் வழி என்கிறது.

ஓர் எதிர்வாதத்தையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். தெற்கே அணைக்கட்டு, ஒடுகத்தூர் வழியாகப் போனால் உத்திரகாவேரி ஆற்றைத் தாண்டிச் சவ்வாது மலையின் அடிவாரம் வரும். மேலே பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை என்ற மலை ஊராட்சிகள். சாமையும் தேனும் கடுக்காயும் புளியும் அங்கிருந்து தலைச்சுமையாக இறங்கி வந்த காலத்தைப் பற்றி ஒடுகத்தூர்ப் பெரியவர்கள் சுவையாகப் பேசுவார்கள், நானும் ஆசையோடு கேட்பேன். ஆனால் 2023 மே மாதத்தில் அல்லேரி மலைப் பகுதியில் பாம்பு கடித்த ஒரு குழந்தை, சரியான சாலை இல்லாததால் உரிய நேரத்தில் மருத்துவமனையை அடைய முடியாமல் இறந்தது. உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் பாதை இல்லாமல் நடுவழியில் நிற்க, தாய் அதைக் கையில் சுமந்துகொண்டு கிலோமீட்டர் கணக்கில் நடந்தார். நடை என்பது அவர்களுக்கு வேறு வழியில்லாததால் வந்தது. மலைக்குச் சாலை வேண்டாம், ஒற்றையடிப் பாதையே அழகு என்று பேசுகிற உரிமை அடிவாரத்தில் பேருந்து வசதியோடு இருக்கும் எனக்கு இல்லை. நான் கேட்பது சமவெளியில் சாலை வந்த பிறகும் பக்கத்து ஊருக்குப் போகும் குறுக்கு வழி அடைபடாமல் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான். மலையில் இருப்பவர்களுக்குச் சாலை வந்தே தீர வேண்டும்.

2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்ற திட்டத்தை அரசு தொடங்கி, மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைப்பாதையை அடையாளம் காட்டியது. நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் காலையில் காலணி மாட்டிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும் நடைக்கும், கே.வி.குப்பத்தில் இரண்டு ஆடு வாங்கி ஓட்டிக்கொண்டு வரும் நடைக்கும் தேவைப்படும் வழிகள் வேறு. முதலாவதற்கு ஓடு பதித்த தரையும் விளக்கும் வேண்டும். இரண்டாவதற்கு உடைந்த தரைப்பாலத்தைச் சீராக்குவதும், நெடுஞ்சாலைக்கு அடியில் தண்ணீர் தேங்காத ஒரு சுரங்கவழியும், வாய்க்கால் கரையில் ஆண்டுக்கு ஒருமுறை முள் வெட்டுவதும் போதும்.

குடியாத்தம் வழியைக் கடைசியாக வைத்திருக்கிறேன், நடக்க ஆசைப்படும் புதியவர்களுக்கு அதுவே எளிது. பாலாற்றைப் பாலத்தின் மேலேயே கடந்துவிடலாம் என்பதால் மணலைப் பற்றிய பயம் இல்லை. குடியாத்தம் ரயில் நிலையம் ஊருக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தள்ளி இருப்பதால், களைத்தவர்கள் அதோடு நிறுத்திக்கொண்டு காட்பாடிக்கு ரயில் ஏறிவிடலாம். வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குப் போகிறவர்கள் முன்னிரவே புறப்பட்டு நடப்பதுண்டு. அன்று கௌண்டன்யா ஆற்றங்கரையில் நிற்க இடம் கிடைக்காது. புரட்டாசியில் மஞ்சள் உடுத்தித் திருப்பதிக்கு நடக்கும் குழுக்களில் சிலவும் குடியாத்தம், பரதராமி, சித்தூர் என்று இதே திசையில்தான் போகின்றன, வழியில் நீர்மோரும் புளியோதரையும் கிடைக்கும்.

மாதத்தைப் பற்றி ஒரு குறிப்பு. தை பிறந்து பங்குனி பாதி வரை நல்ல காலம். ஆற்றில் ஈரம் இருக்கும், வெயில் ஏறாது, கரும்பு வெட்டு நடப்பதால் வயல்களில் ஆள் இருப்பார்கள், வழி கேட்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் ஆற்றுக்குள் இறங்கும் எண்ணம் வேண்டாம். இங்கே ஒரு சொட்டு மழை இல்லாவிட்டாலும் மேலே ஆந்திர எல்லையில் பெய்தால் தண்ணீர் திடீரென்று வரும். விரிஞ்சிபுரம் வழியில் கந்தனேரிக்கு அருகே வாய்க்கால் கரையை ஒட்டிப் புதிதாக ஒரு மனைப்பிரிவுக்குக் கம்பி வேலி போட்டிருக்கிறார்கள். வேலிக்கும் கரைக்கும் இடையே ஓர் ஆள் ஒருக்களித்துப் போகும் அளவு இடம் இப்போதைக்கு இருக்கிறது. அந்தக் கரை எந்தப் புல எண்ணில் வருகிறது என்று பார்த்து, அளந்து காட்டும்படி மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.